சிறு கடையும் சொத்து வரியும்

வருமானத்தின் மீது விதிக்கப்படும் வரி வருமானம் குறையும்போது தானும் குறைகிறது. விற்பனையின் மீது விதிக்கப்படும் வரி விற்பனை இல்லாத நாளில் எழுவதே இல்லை. சொத்து வரி இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. கட்டடம் நிற்கும்வரை, அதற்குள் நடக்கும் தொழில் ஓடினாலும் முடங்கினாலும், அரையாண்டுக்கு ஒருமுறை அந்த வரி கேட்கப்படுகிறது. பெரிய நிறுவனத்தின் செலவுக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் இத்தொகை, நாள் வரும்படியை நம்பி நடக்கும் தையற்கடைக்கும் இருசக்கர வாகனப் பட்டறைக்கும் தேநீர்க் கடைக்கும் ஒரு மாத வாடகைக்கு ஈடான சுமையாக வந்து நிற்கக்கூடும் என்பதால், உலகின் பல நாடுகளில் சிறு தொழிலுக்கென்று தனிச் சலுகைகள் வகுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் சிறிய வீடுகளுக்கு அத்தகைய கரிசனம் சட்டபூர்வமாகக் காட்டப்பட்டிருக்கிறது. சிறிய கடைகளுக்கு அது காட்டப்படவில்லை. இந்த வேறுபாட்டின் விளைவுகள் பெருநகரங்களைவிடச் சிற்றூர்களிலேயே தெளிவாகப் புலப்படும்.

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த பொம்மிடி அத்தகைய ஊர்களுள் ஒன்று. சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையிலான இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்தில் அமைந்தது முதல் இவ்வூரின் வாழ்வு ரயில் நிலையத்தோடு பிணைந்திருக்கிறது. மாவட்டத் தலைநகரான தருமபுரி சேலம்–பெங்களூரு பாதையில் அமைந்திருப்பதால், சென்னை செல்ல விரும்பும் மாவட்ட மக்களில் பலர் பொம்மிடிக்கோ மொரப்பூருக்கோ வந்தே வண்டி ஏறுகின்றனர். பயணிகளையும் சுற்றுவட்டார உழவர்களையும் நம்பி இங்கு நடக்கும் வணிகம் பெரும்பாலும் ஒற்றை அறைக் கடைகளால் ஆனது. வரியைப் பொறுத்தவரை இவ்வூரின் நிலை தனித்துக் கவனிக்கத்தக்கது. வழக்கில் பொம்மிடி என்று ஒரே பெயரால் சுட்டப்படும் ஊர்ப்பரப்பு நிர்வாகத்தில் ஒரே உள்ளாட்சியின் கீழ் இல்லை. பொம்மிடி கிராம ஊராட்சி ஒருபுறமும் பொ. மல்லாபுரம் பேரூராட்சி மறுபுறமுமாக அது பிரிந்து கிடக்கிறது. ஒரே சந்தையை நம்பிப் பிழைக்கும் இரு கடைக்காரர்கள், எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருப்பதனாலேயே, இரு வேறு சட்டங்களின்படி வரி செலுத்துகின்றனர்.

நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் வரி விதிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் மாநிலப் பட்டியலின் 49ஆம் பதிவில் மாநிலங்களுக்கு வழங்குகிறது. மாநிலம் தன் சட்டங்களின் வழியே அதை உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கிறது. கிராம ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். அச்சட்டத்தின்படி விதிக்கப்படுவது வீட்டு வரி என்றே அழைக்கப்பட்டாலும், கடை, பட்டறை, கிடங்கு ஆகியவையும் வீடு என்ற வரையறைக்குள் அடங்குவதால், ஊராட்சிப் பகுதியில் கடை வைத்திருப்பவரும் செலுத்துவது வீட்டு வரியே. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றுக்கு, 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் முதலான பழைய சட்டங்களுக்கு மாற்றாக, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதற்கான விதிகளோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இங்கு விதிக்கப்படுவதே சொத்து வரி. கட்டடத்தின் பரப்பைச் சதுர அடியில் அளந்து, அது அமைந்துள்ள பகுதிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை மதிப்பால் பெருக்கி, கூரையின் வகை, கட்டடத்தின் வயது, பயன்பாடு ஆகியவற்றுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும், அக்கட்டடம் ஓராண்டில் என்ன வாடகை ஈட்டக்கூடும் என்று மதிப்பிடுவது இதன் அடிப்படை. அம்மதிப்பு ஆண்டு வாடகை மதிப்பு எனப்படும். கடையின் கல்லாவில் உண்மையில் எவ்வளவு விழுகிறது என்பதை இக்கணக்கு கேட்பதில்லை.

வரி உயர்வுகளின் அண்மை வரலாறு சிறு வணிகரின் கோணத்திலிருந்து படிக்கப்பட வேண்டியது. சென்னையில் 1998இலும் பிற நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008இலும் பொதுச் சீராய்வு நடந்தபின், சொத்து வரி நெடுங்காலம் மாறாமல் இருந்தது. 2018 ஜூலையில், வீடுகளுக்கு 50 சதவீதமும் குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 100 சதவீதமும் வரை வரியை உயர்த்த அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் 2019 நவம்பரில் அவ்வுயர்வு நிறுத்தி வைக்கப்பட்டு, கூடுதலாகச் செலுத்தப்பட்ட தொகை பின்வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வந்த சீராய்வு வேறு வகையில் அமைந்தது. சென்னை நீங்கலாகப் பிற நகர்ப்புற உள்ளாட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு படிப்படியாக வகுக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கும் சுயநிதிக் கல்வி நிறுவனங்களுக்கும் 75 சதவீதம். வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம்.

இந்த அட்டவணையை ஊன்றிப் பார்க்கும்போது அதன் குறை விளங்குகிறது. வீடு சிறிதானால் குடியிருப்பவரும் எளியவராகவே இருப்பார் என்ற நியாயமான அனுமானத்தின் பேரில் வீட்டுக்கு நான்கு படிகள் அமைக்கப்பட்டன. வணிகக் கட்டடத்துக்கோ ஒரே படி. 100 சதுர அடியில் பெட்டிக்கடை நடத்துபவருக்கும் 10,000 சதுர அடியில் துணிமாளிகை நடத்துபவருக்கும் உயர்வு விகிதம் ஒன்றே; தொழிற்சாலைக்குக் கிடைத்த 75 சதவீத விகிதம்கூடப் பெட்டிக்கடைக்குக் கிடைக்கவில்லை. பெரிய கட்டடம் கூடுதல் பரப்புக்காகக் கூடுதல் தொகை செலுத்துகிறது என்பது உண்மையே. ஆயினும் வீட்டுக்கும் அதே விதி பொருந்தியிருந்தும், பரப்புக்கேற்ற தொகை மட்டும் போதாது, விகிதமும் இறங்க வேண்டும் என்று அரசே கருதியது. அந்தத் தத்துவம் கடை வாசலோடு நின்றுபோனதற்கு ஏற்கத்தக்க காரணம் ஏதும் புலப்படவில்லை. கணக்குக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொண்டால், அரையாண்டுக்கு 400 ரூபாய் வரி செலுத்திய சிறு வீட்டுக்காரர் 500 ரூபாய் செலுத்த நேர்ந்தபோது, அதே 400 ரூபாய் செலுத்திய சிறு கடை உரிமையாளர் 800 ரூபாய் செலுத்த நேர்ந்தது. இச்சீராய்வு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மட்டுமே உரியதாகையால், கிராம ஊராட்சியில் உள்ள கடை இதற்கு உட்படவில்லை. பொம்மிடி போன்ற ஊரில் எல்லைக்கோடு வணிகரின் பையைத் தொடுவது இவ்வாறே.

இவ்வுயர்வுக்குப் பின்னணியாக அரசு சுட்டிக்காட்டியது 15ஆம் நிதிக்குழுவின் நிபந்தனை. நகர்ப்புற உள்ளாட்சிகள் மத்திய மானியம் பெற வேண்டுமானால், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவித்திருக்க வேண்டும் என்பதோடு, வரி வசூலும் மாநில உள்நாட்டு உற்பத்தியின் வளர்ச்சிக்கு இணையாக உயர வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஆண்டுதோறும் வரியைச் சிறிது சிறிதாக உயர்த்துவதற்குச் சட்டத்தில் வழி செய்யப்பட்டு, 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டு முதல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் 6 சதவீத உயர்வு நடைமுறைக்கு வந்ததும் இதன் தொடர்ச்சியே. மொத்த வசூல் வளர வேண்டும் என்பதுதான் நிதிக்குழு விதித்த நிபந்தனை. ஒவ்வொரு கடையின் வரியும் ஒரே விகிதத்தில் உயர வேண்டும் என்று அது கோரவில்லை. யாரிடம் எவ்வளவு பெறுவது என்பதை முடிவுசெய்யும் உரிமை மாநிலத்திடமே எஞ்சியிருந்தது, இருக்கிறது.

சிறு வணிகர் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது வாடகைதாரரின் நிலை. இந்நாட்டில் சொத்து வரி கட்டட உரிமையாளரின் பேரில் விதிக்கப்படுகிறது. ரசீதும் வரிவிதிப்பு எண்ணும் அவர் பெயரிலேயே இருக்கும். சிற்றூர்க் கடைத்தெருவில் தொழில் செய்வோரிலோ பலர் வாடகைக்கு இருப்பவர்கள். வரி உயரும்போது உரிமையாளர் அதை வாடகையில் சேர்த்துக் கேட்கிறார். வரி குறைந்தால் வாடகையைக் குறைக்க அவரைக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு ஒன்றும் இல்லை. எனவே சிறு தொழிலுக்கு என்ற பெயரில் சலுகை அறிவிக்கப்பட்டாலும், அது கடை நடத்துபவரைச் சேராமல் கட்டடக்காரரிடமே தங்கிவிடும் வாய்ப்பு மிகுதி. இதனோடு, சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு செய்தவர், பதிவு செய்யாத ஒருவருக்குச் சொந்தமான வணிகக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தால், அவ்வாடகைக்கு 18 சதவீத வரியைத் தாமே அரசுக்குச் செலுத்த வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 10 முதல் நடைமுறைக்கு வந்ததும் சேர்ந்துகொண்டது. விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தை மட்டும் செலுத்தும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ள வணிகர்கள், செலுத்திய வரியை ஈடுசெய்துகொள்ள வழியற்றவர்கள் என்பதால், அவ்வாண்டு டிசம்பரில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் பரிந்துரைப்படி இவ்விதியிலிருந்து விலக்கப்பட்டனர். சிறியவருக்கு வேறு அளவுகோல் தேவை என்று உணர்ந்ததும் சில மாதங்களில் விதியைத் திருத்த முடிந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

கடை என்று ஒன்றையே வைத்திராமல் தனியாக ஒப்பந்தம் எடுத்துப் பணி செய்வோரின் நிலை இன்னும் நுட்பமானது. கட்டட மேஸ்திரி, மின்பணியாளர், குழாய் பொருத்துபவர், வண்ணம் பூசுபவர், பந்தல் அமைப்பவர் ஆகியோருக்கு வீடே அலுவலகம். வீட்டின் முன்னறையோ பக்கத்துக் கொட்டகையோ கருவிகளும் பொருள்களும் வைக்கும் கிடங்கு. ஒரே கட்டடத்தில் குடியிருப்பும் தொழிலும் கலந்திருக்கும்போது, எந்தப் பரப்பு எதற்குப் பயன்படுகிறது என்று பிரித்து அளப்பதே முறை. அவ்வாறு பிரிக்கப்படாமல் முழுக் கட்டடமும் வணிகப் பயன்பாடாகப் பதிவாகிவிட்டால், குடியிருக்கும் அறைகளுக்கும் சேர்த்து வணிக விகிதத்தில் வரி செலுத்த நேரும். மின் கட்டண விதிகள் இவ்விடத்தில் ஒரு முன்மாதிரியைத் தருகின்றன. தொழில்முறை வல்லுநர் ஒருவர் தம் வீட்டோடு இணைந்த 200 சதுர அடிக்கு மேற்படாத ஆலோசனை அறையை வைத்திருந்தால் அதற்கும், நெசவாளர் வீட்டில் இயங்கும் கைத்தறிக்கும், தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணமே பொருந்துகிறது. வீட்டிலிருந்து செய்யும் சிறு தொழில் வீட்டின் இயல்பை மாற்றிவிடுவதில்லை என்ற இந்த ஏற்பு, தையல் இயந்திரம் போட்ட முன்னறைக்கும் மின்பணியாளரின் கருவிக் கொட்டகைக்கும் சொத்து வரியில் நீட்டிக்கப்படுமானால், அதனால் உள்ளாட்சி இழக்கும் தொகை மிகச் சிறிதாகவே இருக்கும்.

இவர்கள்மீது உள்ளாட்சி விதிக்கும் மற்றொரு வரி தொழில் வரி. சொத்து வரிக்கு மாறாக இது வருமானத்தைப் பார்க்கிறது: அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்கு இவ்வரி இல்லை, அதற்கு மேல் வருமானப் படிகளுக்கேற்ப உயர்ந்தாலும், ஒருவர் ஆண்டுக்குச் செலுத்த வேண்டிய தொகை 2,500 ரூபாயைத் தாண்டலாகாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. இவ்வரம்பு 250 ரூபாயாக இருந்து 1988இல் உயர்த்தப்பட்டது. படியும் உச்சவரம்பும் ஒருங்கே கொண்ட இவ்வரியின் அமைப்பு, அதே அலுவலகம் வசூலிக்கும் வணிகச் சொத்து வரியின் அமைப்பைவிடச் சிறியவருக்கு நேர்மையானது.

இப்போதே கிடைக்கும் நிவாரணங்கள் சில உள்ளன; அவை அதிகம் அறியப்படாமல் கிடக்கின்றன. நகர்ப்புற உள்ளாட்சிகளில் அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும், வரியைச் செலுத்துவோருக்கு 5 சதவீதம், 5,000 ரூபாய் உச்சவரம்போடு, ஊக்கத்தொகையாகக் குறைக்கப்படுகிறது; காலம் கடந்த நிலுவைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி சேர்கிறது. ஆயினும் கையில் பணம் உள்ளவரே முதல் மாதத்தில் செலுத்த முடியும் என்பதால், இச்சலுகை தேவை மிகுந்தவரைவிட வசதி உள்ளவருக்கே எளிதில் கிட்டுகிறது. காலிக் கட்டடத்துக்கான தள்ளுபடி வேறொரு வகை. அரையாண்டில் தொடர்ந்து முப்பது நாளோ அதற்கு மேலோ ஒரு கட்டடம் பயன்பாடின்றி, வாடகைக்கும் விடப்படாமல் இருந்தால், கட்டடத்துக்குரிய வரிப் பகுதியில் பாதிக்கு மேற்படாத தொகையை நாள் கணக்கில் தள்ளுபடி செய்ய 1920ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. காலியானதும் எழுத்து மூலம் அறிவித்தவருக்கே அது கிடைத்தது. கடை மூடிக் கிடந்ததை ஆண்டுகள் கழித்துச் சொல்லித் தள்ளுபடி கேட்டவர்கள் ஏமாந்ததற்கு, அறிவிப்புக் கொடுக்காமல் விட்டதே காரணம். எனவே பொ. மல்லாபுரம் எல்லைக்குள் கடையைக் காலி செய்பவர் அந்த வாரத்திலேயே செயல் அலுவலருக்கு மனுக் கொடுத்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வது விவேகமானது. பரப்பைத் தவறாக அளந்தாலோ பயன்பாட்டைத் தவறாகக் குறித்தாலோ, கேட்பு அறிவிப்பு கையில் கிடைத்ததும் எழுத்து மூலம் மறுசீராய்வு கோரலாம். தாமதிக்கும் ஒவ்வோர் அரையாண்டும் தவறான அளவை உறுதிப்படுத்திக்கொண்டே போகும்.

வருமான வரியிலும் ஓர் ஆறுதல் உண்டு. தொழில் நடக்கும் கட்டடத்துக்குச் செலுத்திய உள்ளாட்சி வரியை, உண்மையில் செலுத்திய ஆண்டில், தொழிற்செலவாகக் கழித்துக்கொள்ளலாம். வீட்டின் ஒரு பகுதி தொழிலுக்குப் பயன்பட்டால் அப்பகுதியின் விகிதத்துக்குக் கழிக்கலாம். ஆனால் விற்றுமுதலில் 8 சதவீதத்தையோ, வங்கி வழி வரவுக்கு 6 சதவீதத்தையோ இலாபமாகக் காட்டிக் கணக்கேடு இல்லாமல் வரி செலுத்தும் ஊகமுறை வரிவிதிப்பைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுவதால், இக்கழிவு தனியாகக் கிடைக்காது. சிறு வணிகருக்கு எளிமை கருதி அமைந்தது அந்த முறையே என்பதால், உள்ளாட்சி வரி உயர்வை வருமான வரியில் ஈடுகட்டும் வழி அவர்களில் பலருக்கு அடைபட்டே இருக்கிறது.

பிற நாடுகளில் இச்சிக்கல் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை நோக்கினால், இங்கிலாந்தின் ஏற்பாடு மிகவும் பொருத்தமானதாகத் தோன்றுகிறது. அங்கு வணிகக் கட்டட வரி உரிமையாளர்மீது அன்றி, கட்டடத்தைப் பயன்படுத்தித் தொழில் செய்பவர்மீது விதிக்கப்படுகிறது. 2005இல் தொடங்கிய சிறுதொழில் வரிச் சலுகையின்படி, மதிப்பிடப்பட்ட ஆண்டு வாடகை 12,000 பவுண்டைத் தாண்டாத ஒரே கடையை வைத்திருப்பவர் வரியே செலுத்த வேண்டியதில்லை. 12,000க்கும் 15,000க்கும் இடையில் சலுகை படிப்படியாகக் குறைந்து மறைகிறது. ஒரே இடத்தில் தொழில் செய்பவருக்கே முதன்மையாக உரியது என்ற நிபந்தனையால் கிளைகள் பல கொண்ட நிறுவனங்கள் விலக்கப்படுகின்றன. பயன்படுத்துபவர்மீதே வரி விதிக்கப்படுவதால் சலுகை வாடகைதாரரின் கையிலேயே நேராகச் சேர்கிறது. இதனால் உள்ளூர் மன்றங்கள் இழக்கும் வருவாயை மைய அரசு மானியமாக ஈடுசெய்கிறது. தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் டொராண்டோ மாநகரமும் 2022இல் சிறுதொழிற் கட்டடங்களைத் தனி வகுப்பாக்கி, வணிக விகிதத்தைவிட 15 சதவீதம் குறைந்த வரியை விதித்தது. இந்தியாவில், மும்பை மாநகராட்சி 2022 ஜனவரி முதல் 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குச் சொத்து வரியை நீக்கியது. அங்கும் சலுகை வீட்டுக்கே, கடைக்கு அன்று.

சலுகையைக் கோருவோர் உள்ளாட்சியின் தேவையையும் எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாகின்றனர். குடிநீர், தெருவிளக்கு, குப்பை அகற்றல், வடிகால் ஆகிய அனைத்தும் இவ்வரியைச் சார்ந்தவை; அவற்றால் முதலில் பயன்பெறுவதும் கடைத்தெருவே. பொம்மிடி போன்ற ரயில் நிலைய ஊர்களுக்கு மற்றுமொரு குறுக்கீடு உண்டு: ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி விதிக்கலாகாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 285ஆம் பிரிவு கூறுவதால், ஊரின் நடுவே பரந்து கிடக்கும் ரயில்வே நிலமும் கட்டடங்களும் சொத்து வரிக்கு உட்படுவதில்லை; சேவைக் கட்டணம் மட்டுமே கேட்கலாம். ஆகவே சிறு கடைகளுக்குக் குறைக்கும் தொகையை ஈடுசெய்யாமல் விட்டால், தெருவிளக்கு அணைவது அதே கடைகளின் வாசலில்தான். கிராம ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு இணையான தொகையை மாநில அரசு மானியமாகத் தரும் முறை, 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டக் காலத்திலிருந்தே தமிழகம் அறிந்த ஒன்று. ஈடுசெய்யும் மானியம் என்பது இம்மாநிலத்துக்குப் புதிய கருத்து அன்று.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது, தேவைப்படும் மாற்றம் பெரிய சட்டத் திருத்தம் எதையும் வேண்டி நிற்கவில்லை என்பது தெளிவாகிறது. 2022ஆம் ஆண்டு அட்டவணையில் வணிகக் கட்டடம் என்ற ஒற்றைப் படியைப் பரப்பின்படி மூன்று, நான்கு படிகளாகப் பிரித்து, 200 அல்லது 300 சதுர அடிக்கு உட்பட்ட தனிக்கடைகளுக்கும் வீட்டோடு இணைந்த தொழிலறைகளுக்கும் சிறு வீட்டுக்குரிய விகிதத்தையே அளிப்பது முதற்படி. அக்கடை வாடகைக்கு விடப்பட்டிருந்தால், குறைந்த வரி வாடகை ஒப்பந்தத்தில் காட்டப்பட்டு, வாடகைதாரர் பெயரும் வரிவிதிப்புப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனை அடுத்தது. இல்லையேல் முதற்படியின் பயன் கட்டடக்காரரைத் தாண்டாது. இவ்வளவுக்கும் வேண்டிய அளவுகளும் பயன்பாட்டுக் குறிப்புகளும் பேரூராட்சி அலுவலகப் பதிவேடுகளில் ஏற்கெனவே உள்ளன. அவற்றைக் கொண்டு, தன் எல்லைக்குள் எத்தனை கடைகள் இவ்வரம்புக்குள் வருகின்றன, குறையும் தொகை எவ்வளவு என்று கணக்கிட்டு, மன்றத் தீர்மானமாக மாநில அரசுக்கு அனுப்ப எந்தப் பேரூராட்சி மன்றத்துக்கும் தடை இல்லை.